கணக்கேட்டின் கதை – 17: மதில் தாண்டிய பேரேடு

சென்ற வாரம் ஜெர்மனியில் நின்றோம். ஐ.பி.எம். வேலையை உதறிய ஐந்து பேர் 1972-ல் எஸ்.ஏ.பி. என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஒரு நைலான் ஆலையின் கணக்கைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் மலாயாத் தோட்டங்களில் காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தைப் பார்த்தோம். கங்காணியான மண்டோர் சொல்லச் சொல்லக் கணக்குப்பிள்ளையான கிராணி எழுதிய செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டையும், அந்தக் கணக்கு ஏஜென்சி நிறுவனங்கள் வழியாக மாதந்தோறும் லண்டன் போய்ச் சேர்ந்ததையும் பார்த்தோம்.

அந்த இரண்டு கதைகளும் இந்த வாரம் ஒரே ஊரில் சந்திக்கின்றன. ஜோகூர் மாநிலத்தின் சிம்பாங் ரெங்கம்.

* * *

ஒரு லாரிச் சுமை, ஐந்து ஏடுகள்

‘சிம்பாங்’ என்ற மலாய்ச் சொல்லுக்குச் சாலை பிரியும் இடம் என்று பொருள். குளுவாங் மாவட்டத்தில், ஆயர் ஹீத்தாமிலிருந்து ஜோகூர் பாரு நோக்கி இறங்கும் பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் இந்த ஊர் இருக்கிறது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையும் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அன்னாசிக்குப் பேர்போன வட்டாரம், சுற்றிலும் செம்பனை. மென்பொருளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஜெர்மனியிலோ கலிபோர்னியாவிலோ தொடங்கி அங்கேயே முடித்துவிடுவார்கள். ஒரு கருவி என்ன செய்தது என்பதைப் பார்க்க, அதைச் செய்தவர்களின் ஊரைவிட அது வந்திறங்கிய ஊரே பொருத்தமான இடம். அதனால்தான் இந்த அத்தியாயத்துக்கு ஒரு லாரியும் ஓர் எடைமேடையும் போதும்.

செம்பனைக் குலை வெட்டப்பட்டதிலிருந்து சுமார் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கும். குலைகளை ஏற்றிய லாரி ஆலை வாசலில் எடைமேடை மீது ஏறுகிறது. அங்கே கிடைக்கும் ஒரே ஓர் எண் ஐந்து இடங்களுக்குத் தேவைப்படுகிறது. ஆலையின் கொள்முதலுக்கு அது வேண்டும். வெட்டியவரின் கூலிக்கு வேண்டும். அந்தக் காட்டின், அதாவது எண்ணிட்ட அந்த வயல்பகுதியின், விளைச்சல் கணக்குக்கு வேண்டும். லாரிக்காரரின் வாடகைக்கு வேண்டும். கடைசியாகத் தலைமையகத்தின் வரவு-செலவுக்கும் அதுவே வேண்டும். கிராணி காலத்தில் அதே எண்ணைக் கையால் ஏட்டுக்கு ஏடு பெயர்த்து எழுதினார்கள். ஒவ்வொரு பெயர்ப்பும் பிழைக்கு ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு பிழையும் சம்பள நாளில் ஒரு சண்டை. ஈ.ஆர்.பி. என்று நாம் சொல்லும் மென்பொருளின் மொத்தச் சாரமும் இந்த இடத்தில் இருக்கிறது. எண்ணை ஒரு தடவை எழுது. வேண்டிய ஐந்து பேரும் அதே பதிவைப் பார்க்கட்டும். கார்ட்னர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 1990-ல் ஈ.ஆர்.பி. என்ற பெயரை வைப்பதற்கு வெகுமுன்பே எஸ்.ஏ.பி. இதைச் செய்யத் தொடங்கியிருந்தது. அதன் மென்பொருள்களின் பெயரில் வரும் ‘ஆர்’ என்ற எழுத்து, நிகழும் கணத்திலேயே கணக்கு என்ற வாக்குறுதியைக் குறித்தது.

அந்த வாக்குறுதிக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. பதிவைப் பார்க்கும் ஐந்து கண்களும் ஒரே முதலாளியுடையவை என்பதே அந்த அனுமானம். 1992-ல் வந்த ஆர்-3 மென்பொருளில் மையக் கணினி நிறுவனத்தின் கட்டடத்தில் இருந்தது. மேசைக் கணினிகள் நிறுவனத்தின் சொந்தக் கம்பிகளால் அதோடு கட்டப்பட்டிருந்தன. வரி அதிகாரி, சரக்கு வாங்குபவர், வங்கி, கூலி வாங்கும் தொழிலாளி என யாராக இருந்தாலும், வெளியே வந்த காகிதத்தை மட்டுமே பார்த்தார்கள். பேரேட்டைச் சுற்றி ஒரு மதில் இருந்தது. இந்த அத்தியாயம் அந்த மதிலைப் பற்றியது.

* * *

1981: இரண்டு காலைகள்

மதிலின் வலிமையைப் புரிந்துகொள்ள 1981-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டில் இந்த வட்டாரத்தின் கணக்கைத் தொட்ட இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன.

ஒன்று பிப்ரவரியில், குளுவாங் பக்கம் மாமோர் தோட்டத்தில். ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு வண்டினத்தை மலேசியாவில் முதன்முதலாக அங்கேதான் விட்டார்கள். அதுவரை செம்பனைப் பூக்களுக்கு மனிதக் கைகள் மகரந்தம் தூவி வந்தன. மரம் மரமாகப் போய்ச் செய்யும் அந்த வேலைக்கு ஆள் பிடித்து, செக்ரோலில் தனி இனமாகக் கூலி எழுதினார்கள். வண்டு வந்ததும் அந்த வேலையே இல்லாமல் போனது. குலைகளில் காய்ப்பு கூடியது, எடைமேடையில் எண் ஏறியது, செக்ரோலில் ஒரு கட்டம் காலியானது. எந்தக் கணினியும் அதுவரை செய்யாத மாற்றத்தை அரிசி மணி அளவுகூட இல்லாத ஒரு பூச்சி செய்தது.

இன்னொன்று செப்டம்பர் 7-ஆம் தேதி, லண்டன் பங்குச் சந்தையில். சில மணி நேரத்துக்குள் பங்குகளை வாங்கிக் குவித்து, குத்ரி என்ற தோட்ட நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனமான பி.என்.பி. கைப்பற்றியது. சிம்பாங் ரெங்கத்துக்குத் தெற்கே லாயாங் லாயாங் பக்கமுள்ள உலு ரெமிஸ் தோட்டமும் குத்ரியுடையதுதான். 1821-ல் சிங்கப்பூரில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் உடைமை ஒரே காலையில் கண்டம் மாறியது. லண்டனுக்குப் போன கணக்கு இனி கோலாலம்பூருக்குப் போக வேண்டும்.

ஆனால் ஏட்டின் அமைப்பு மாறவில்லை. அதே பெரட்டு, அதே மண்டோர், அதே கட்டங்கள். முகவரி மட்டும் வேறு. உடைமை மாறினால் கணக்கின் இயல்பும் மாறிவிடும் என்று நினைப்பவர்களுக்கு 1981 ஓர் எதிர்ச்சான்று. ஒரு கணக்குமுறை உண்மையாகவே மாறியதா என்று அறிய நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். எந்தக் கட்டம் மறைந்தது? எந்தக் கட்டம் புதிதாக வந்தது? ஏட்டைப் படிப்பவர் யார்? வண்டு முதல் கேள்வியை மாற்றியது. குத்ரி கைமாறியதில் மூன்றுமே அப்படியே இருந்தன. படித்தவர் அப்போதும் முதலாளிதான். இணையத்தையும் இந்த மூன்று கேள்விகளாலேயே எடைபோடுவோம்.

* * *

சன்னலும் வீடும்

மலேசியாவின் முதல் இணையச் சேவையான ஜாரிங் 1992-ல் தொடங்கியது. ஆர்-3 வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டும் ஒன்றையொன்று அறியாமலேயே பிறந்தன. 1996-ல் டி.எம்.நெட் வந்தது, மல்டிமீடியா பெருவழித் திட்டமும் அதே ஆண்டு அறிவிக்கப்பட்டது. உலகின் பெரிய ஈ.ஆர்.பி. நிறுவனங்களுக்கு இணையத்தின் பொருள் புரிய இன்னும் சில ஆண்டுகள் ஆயின. 1999-ல் எஸ்.ஏ.பி. தன் மென்பொருளை இணைய உலாவியில் திறக்க வழிசெய்தபோது, பழைய வீட்டுக்கு ஒரு புதுச் சன்னல் வைத்ததுபோல்தான் இருந்தது. வீடு அதே இடத்தில் நின்றது. சாவியும் அதே கையில்.

வீட்டையே இடம் மாற்றியவர்கள் வேறு ஆட்கள். 1998-ல் தொடங்கி, பின்னர் நெட்சூட் என்று பெயர் மாற்றிக்கொண்ட சிறு நிறுவனம், மென்பொருளை விற்காமல் இணையத்தின் வழியே வாடகைக்குத் தந்தது. வாடிக்கையாளரிடம் மையக் கணினி வேண்டியதில்லை. கணக்கு முழுவதும் அவர்களுடைய கூடத்தில் இருக்கும். 2016-ல் ஆரக்கிள் அந்த நிறுவனத்தைச் சுமார் 930 கோடி டாலருக்கு வாங்கியபோது, வாதம் யார் பக்கம் தீர்ந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. அது போதிய அளவு பேசப்படுவதில்லை. ராஜபாளையத்து ராம்கோ குழுமத்திலிருந்து வந்த சென்னை ராம்கோ சிஸ்டம்ஸ், 1990-களில் மார்ஷல் என்ற பெயரில் ஒரு முழு ஈ.ஆர்.பி.யை எழுதி வெளிநாட்டுப் போட்டியாளர்களோடு மோதியது. 2000-களின் பிற்பகுதியில் அதை இணைய வாடகைக்கு மாற்றியது; மலேசியாவிலும் கிளை வைத்தது. இதே வழியில் வந்த ஜோஹோ, முதலில் கணக்கு மென்பொருளையும் அண்மையில் தன் பெயரிலேயே ஓர் ஈ.ஆர்.பி.யையும் வெளியிட்டிருக்கிறது.

இதுவரை நடந்தது இடமாற்றம். 2007 நவம்பரில் சைம் டார்பி, குத்ரி, கோல்டன் ஹோப் என்ற மூன்று பெரிய தோட்ட நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தபோது, மூன்று தனித்தனிக் கணக்கு மரபுகள் ஒரே ஏட்டுக்குள் வர வேண்டியதாயிற்று. மாநிலங்கள் பலவற்றில் சிதறிக் கிடக்கும் தோட்டங்களின் அன்றாடக் கணக்கை இணைய இணைப்பு இல்லாமல் ஒரே ஏடாக வைத்திருக்க முடியாது. அவ்வளவு பெரிய உதவியைச் செய்தும், இணையம் அப்போது மூன்றாவது கேள்வியைத் தொடவில்லை. ஏட்டைப் படித்தவர் இன்னும் முதலாளிதான். சிம்பாங் ரெங்கத்தின் உரக்கடைகளிலும் குலை வாங்கும் வியாபாரிகளிடமும் நிலைமை இன்னும் எளிது. மலேசியாவிலேயே எழுதப்பட்ட யு.பி.எஸ்., ஆட்டோகவுண்ட், எஸ்.க்யூ.எல். அக்கவுண்ட் போன்ற மென்பொருள்கள் ஒற்றைக் கணினியில் இருந்தாலே போதும். இணையம் வேண்டியதில்லை; மதில் உறுதியாக இருந்தது.

* * *

முதல் விரிசல்

2015 ஏப்ரல் 1. மலேசியாவில் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி அமலுக்கு வந்தது.

ஆண்டு விற்பனை 5 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டிய ஒவ்வொரு வணிகமும் பதிந்தாக வேண்டும். வாங்கிய சரக்கில் கட்டிய வரியையும் விற்ற சரக்கில் வாங்கிய வரியையும் பட்டியல் பட்டியலாகக் கழித்துக் காட்டி, இணையத்தில் அறிக்கை தர வேண்டும். கையால் எழுதும் கடைக்காரருக்கு இது ஆகாத காரியம். அரசாங்கமே அதை உணர்ந்து, சிறு வணிகங்கள் மென்பொருள் வாங்க 1,000 ரிங்கிட் மதிப்புள்ள மின் பற்றுச்சீட்டைக் கொடுத்தது. எனக்கு இது அந்த வரியைவிட முக்கியமாகப் படுகிறது. தன் கடைக்காரர்களின் மேசையில் எந்த வகை ஏடு இருக்க வேண்டும் என்று ஒரு நாட்டின் அரசாங்கமே அன்று சொன்னது.

2018 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூன் 1-ஆம் தேதி வரி விகிதம் பூஜ்யமானது. செப்டம்பர் 1-ஆம் தேதி பழைய விற்பனை, சேவை வரிகள் திரும்பி வந்தன. மூன்றரை ஆண்டுகளுக்குள் எல்லாக் கடையின் கணக்குமுறையும் மூன்று முறை திருத்தப்பட வேண்டியிருந்தது. இணையம் வழியே புதுப்பிப்பு பெற்றவர்கள் ஒரே இரவில் திருத்திக்கொண்டார்கள். வட்டில் வாங்கி நிறுவியவர்கள் விற்பனையாளர் வரும்வரை காத்திருந்தார்கள். சட்டம் மாறும் வேகத்துக்கு ஏடும் மாறவேண்டும் என்றால் ஏடு தனியே நிற்க முடியாது என்பதை அந்த மாதங்கள் காட்டின.

* * *

ஆகஸ்ட் 1

மதில் இடிந்த நாள் என்று ஒரு தேதியைச் சொல்லச் சொன்னால் 2024 ஆகஸ்ட் 1 என்பேன்.

அன்றிலிருந்து, ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்கள் இ-இன்வாய்ஸ் முறைக்குள் வந்தன. 2025 ஜனவரி 1 முதல் 2.5 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்டவை. அதே ஆண்டு ஜூலை 1 முதல் 50 லட்சத்துக்கு மேற்பட்டவை. 2026 ஜனவரி 1 முதல் 10 லட்சத்துக்கு மேற்பட்டவை. பெரிய தோட்ட நிறுவனத்தில் தொடங்கிய வரிசை ஊர்ச் சந்தியின் மொத்த வியாபாரி வரை பதினேழு மாதங்களில் இறங்கிவிட்டது.

இதில் நடப்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓர் உரக்கடை தோட்டத்துக்கு நூறு மூட்டை உரம் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில், கடையின் மென்பொருள் விலைப்பட்டியலை அச்சடிக்கும். அந்தத் தாள்தான் பட்டியல். புதிய முறையில், மென்பொருள் அந்தப் பட்டியலை முதலில் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்புக்கு அனுப்புகிறது. அங்கே கணினி சரிபார்த்து, அந்தப் பட்டியலுக்கென்று ஒரு தனி எண்ணைத் தருகிறது. அதன் பிறகுதான் பட்டியல் செல்லுபடியாகும். வாங்கியவருக்குப் போகும் தாளில் ஒரு கியூஆர் குறி இருக்கும். யாரும் அதை ஸ்கேன் செய்து பார்த்து உண்மையா என்று அறியலாம். தவறு இருந்தால் 72 மணி நேரத்துக்குள் வாங்குபவர் மறுக்கலாம், விற்பவர் ரத்துசெய்யலாம். அதன் பின் பழைய பதிவைத் தொட முடியாது. திருத்தச் சீட்டு ஒன்றைப் புதிதாக எழுதித்தான் சரிசெய்ய வேண்டும். விற்பவர் எழுதாமல் வாங்குபவரே எழுதும் பட்டியல்களுக்கும் இந்த ஏற்பாட்டில் இடம் உண்டு.

மூன்று கேள்விகளுக்கும் இப்போது விடை சொல்லிப் பார்க்கலாம். மறைந்த கட்டம்: ‘அப்புறம் எழுதிக்கொள்ளலாம்’ என்று காலியாக விட்ட கட்டம். வந்த கட்டம்: வாரியம் தந்த எண். படிப்பவர்: முதலாளிக்கு முன்பே அரசாங்கம். பேரேட்டின் முதல் வாசகர் இப்போது வெளியே இருக்கிறார். ஐந்து கண்களும் ஒரே முதலாளியுடையவை என்ற 1972-ஆம் ஆண்டின் அனுமானம் அந்த ஆகஸ்டில் செத்தது. இணையம் ஈ.ஆர்.பி.யை மலிவாக்கியது, வேகமாக்கியது, கைப்பேசிக்குக் கொண்டுவந்தது என்று சொல்வதெல்லாம் சரி. ஆனால் அவை துணை விளைவுகள். ஒரு நிறுவனத்தின் அந்தரங்க நினைவாக இருந்த ஏட்டை, பலர் சேர்ந்து எழுதிப் படிக்கும் பொதுப் பதிவாக மாற்றியதுதான் இணையத்தின் வேலை.

* * *

மறுப்புகள்

இதை ஏற்காதவர்கள் சொல்லும் முதல் வாதம் வலுவானது. அரசாங்கம் எப்போதுமே கணக்கைப் பார்த்துத்தான் வந்திருக்கிறது. தணிக்கை காலனி ஆட்சியிலும் இருந்தது. செம்பனைத் துறையில் ஆலைகளும் வியாபாரிகளும் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் பெற்றவர்கள். நாட்டின் உற்பத்தியையும் கையிருப்பையும் வாரியம் மாதந்தோறும் வெளியிடுகிறது. அதைப் பார்த்து எண்ணெய் விலையே ஏறி இறங்குகிறது. அப்படியிருக்க மதில் எங்கே இருந்தது? என் பதில் இது. அன்று வெளியே போனது கூட்டுத்தொகை. மாதம் இத்தனை டன், ஆண்டுக்கு இவ்வளவு லாபம். கூட்டுத்தொகையைத் தயாரிக்கும்போது அதை எழுதுபவரிடம் ஒரு விருப்பதிகாரம் இருக்கும். எதை எந்த மாதத்தில் சேர்ப்பது என்பது அவர் கையில். இன்று வெளியே போவது ஒவ்வொரு இலையும். மரத்தின் உயரத்தைச் சொல்வதற்கும் இலைகளை எண்ணிக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. விருப்பதிகாரம் கைமாறிவிட்டது.

இரண்டாவது மறுப்பு உடைமையைப் பற்றியது. வாங்கிய மென்பொருள் நம்முடையது, வாடகை மென்பொருள் நம்முடையது ஆகாது என்கிறார்கள். இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். 2023-ல் எஸ்.ஏ.பி.யின் தலைமை, செயற்கை நுண்ணறிவு உள்ளிட்ட புதிய வசதிகள் இணைய வாடகைக்கு வந்தவர்களுக்கே கிடைக்கும் என்று அறிவித்தது. பழைய மென்பொருளைச் சொந்தமாக வாங்கி வைத்திருந்த வாடிக்கையாளர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. பணம் கொடுத்து வாங்கிய வீட்டுக்குப் புதுச் சாவி தரமாட்டோம் என்பதற்கு ஒப்பான பேச்சு அது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைக் குலைப்பதற்குப் பதில் வலுப்படுத்துகிறது. ஏடு மதிலுக்கு வெளியே போனபோது அதைப் படிக்கும் உரிமையோடு, அதை வைத்திருக்கும் அதிகாரமும் வெளியே போனது.

மூன்றாவது, அறுந்துபோகும் இணைப்பு. 2024 ஜூலை 19 அன்று இணையம் வழியே வந்த ஒரே ஒரு பழுதான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஏர் ஏசியா பயணிகளைக் கையால் பதிந்து அனுப்பினார்கள். செம்பனைக் காட்டுக்குள் கைப்பேசிச் சமிக்ஞை பல இடங்களில் கிடைக்காது. மலேசிய அரசாங்கம் 2020-ல் ஜெண்டேலா என்ற இணைப்பு விரிவாக்கத் திட்டத்தைத் தொடங்கி, 2021 முடிவில் 3ஜி சேவையை நிறுத்தி 4ஜி-யை விரிவாக்கியது. இருந்தும் மரநிழலின் அடர்த்தி மரநிழலின் அடர்த்திதான். அதனால் தோட்ட மென்பொருள்களைச் செய்பவர்கள் ஒரு நடுவழியைக் கண்டார்கள். மண்டோர் கைப்பேசியில் பதிந்தது அங்கேயே தங்கியிருக்கும். சாயங்காலம் ஆபீஸ் பக்கம் வந்ததும் தானாக மேலே போகும். நிகழும் கணத்திலேயே கணக்கு என்று 1972-ல் சொன்ன வாக்குறுதி, தோட்டத்தில் அந்தியில்தான் நிறைவேறுகிறது.

நான்காவது மறுப்பு சிறியவர்களுடையது: இந்தச் சுமை எங்களுக்குத் தாங்காது என்கிறார்கள். அதற்குத்தான் அரசாங்கமே செவிசாய்த்தது. இ-இன்வாய்ஸிலிருந்து விலக்கு பெறும் வரம்பு முதலில் ஆண்டுக்கு 1.5 லட்சம் ரிங்கிட்டாக இருந்து, பின் 5 லட்சமாகி, 2025 டிசம்பரில் 10 லட்சமாக அறிவிக்கப்பட்டது. மென்பொருள் வாங்க முடியாதவர்களுக்கு வாரியத்தின் இலவசத் தளமும் உண்டு. நியாயமான முடிவுகள். என்றாலும், விலக்கு பெற்றவர் சங்கிலிக்கு வெளியே நின்றுவிட முடிகிறதா? அடுத்து நான் சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.

* * *

கலந்த குலைகள்

ஊருக்கு வெளியே குலை வாங்கும் வியாபாரியின் இடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலையிலிருந்து சிறுதோட்டக்காரர்கள் வேன்களிலும் சிறு லாரிகளிலும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஒருவருக்கு நான்கு ஏக்கர், இன்னொருவருக்குப் பத்து. எடை போட்டு, சீட்டு எழுதி, பணம் கொடுத்த மறுகணம் எல்லார் குலையும் ஒரே குவியல். மாலையில் பெரிய லாரி அந்தக் குவியலை அள்ளிக்கொண்டு ஆலைக்குப் போகிறது. ஆலை அதைத் தன் தோட்டக் குலையோடு சேர்த்துப் பிழிகிறது. எண்ணெய்க்கு ஊர் கிடையாது. அதுதான் அதன் வணிக வசதி.

2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த காடழிப்புத் தடைச் சட்டம் அந்த வசதியின் மேல் கை வைத்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனை, ரப்பர், காப்பி, கொக்கோ முதலியவை ஐரோப்பியச் சந்தைக்குள் வரக் கூடாது. வரும் சரக்கோடு, அது விளைந்த நிலத்தின் புவி ஆயங்களும் வர வேண்டும். 4 ஹெக்டருக்கு மேற்பட்ட நிலம் என்றால் எல்லைக்கோடு முழுவதும். அதற்குக் கீழே ஒரு புள்ளி போதும். அமலாக்கம் இரண்டு முறை தள்ளிப்போடப்பட்டிருக்கிறது, ஆனால் திசை மாறவில்லை. மலேசியாவும் 2020 முதல் எம்.எஸ்.பி.ஓ. என்ற நிலைத்தன்மைச் சான்றிதழைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

நான்கு ஏக்கர்க்காரர் இ-இன்வாய்ஸிலிருந்து விலக்கு பெறலாம். அவருடைய நிலத்தின் புள்ளிக்கு விலக்கு கிடையாது. அந்தப் புள்ளி வியாபாரியின் ஏட்டில் ஏறி, அங்கிருந்து ஆலையின் ஏட்டுக்கும், சுத்திகரிப்பவரின் ஏட்டுக்கும், ரோட்டர்டாம் துறைமுகத்தில் சரக்கு இறக்குபவரின் ஏட்டுக்கும் போக வேண்டும். குவியலில் கலந்ததை ஏட்டில் பிரித்துக் காட்ட வேண்டும் என்கிறது உலகம். ஒவ்வொரு நிறுவனமும் தனக்குள் வைத்திருந்த ஈ.ஆர்.பி.யால் இதைச் செய்யவே முடியாது. ஏடுகள் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். இணையம் இல்லாத உலகில் இப்படி ஒரு சட்டத்தை எழுதியிருக்கவே மாட்டார்கள் என்பது என் கணிப்பு. ஏடு என்ன சொல்ல முடியுமோ அதைத்தான் சட்டம் கேட்கத் துணிகிறது. அந்தப் புள்ளியைப் பதிய வியாபாரிக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதற்கு மட்டும் அந்தச் சட்டத்தில் விடை இல்லை. அது குலையின் விலையில் கழிந்தால் சிறுதோட்டக்காரர் தலையில்தான் விழும். இதைச் சொல்லாமல் தொழில்நுட்பத்தைப் புகழ்வது பாதிக் கணக்கு.

* * *

வெட்டியவரின் கட்டம்

கடைசியாக, ஏட்டில் எப்போதும் இடம்பெற்றும் அதை ஒருபோதும் படிக்காதவரிடம் வருகிறோம். முன்பு அவர் தமிழர். இன்று பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசி, நேப்பாளி. குலை வெட்டுபவர்.

அவருக்கும் மதிலில் ஒரு துளை திறந்திருக்கிறது. ஊழியர் சேமநிதி 1951-ல் தொடங்கியபோது, முதலாளி பணம் கட்டினாரா என்று அறியத் தொழிலாளி ஆண்டறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று ஐ-அக்கவுன் என்ற செயலியைக் கைப்பேசியில் திறந்தால் மாதக் கணக்கு தெரிகிறது. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் முதலாளி 2 விழுக்காடும் தொழிலாளி 2 விழுக்காடும் கட்டுவது கட்டாயமாகியிருக்கிறது. எனவே அந்தத் துளை அவர்களுக்கும் திறக்கிறது. நிறுவனத்தின் சம்பள மென்பொருள் சேமநிதி வாரியத்தோடு பேசுவதால் கிடைத்த பலன் இது. இணையம் தொழிலாளிக்குச் செய்த நன்மைகளில் இதை முதலில் வைப்பேன்.

ஆனால் இன்று காலை அவர் எத்தனை குலை வெட்டினார், மண்டோர் எத்தனை பதிந்தார், பழுக்காத குலை என்று எத்தனைக்குக் கழித்தார்? சம்பளச் சீட்டு தர வேண்டும் என்று 1957-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு விதிகள் சொல்கின்றன. அந்தச் சீட்டு மாத முடிவின் கூட்டுத்தொகை. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட். எடைக்கூலி வாங்குபவருக்கு அந்தத் தொகை எட்டியதா, எட்டாமல் போனால் ஏன் என்பதற்கான சான்று அன்றாடப் பதிவில் இருக்கிறது, மாதச் சீட்டில் இல்லை. அரசாங்கத்துக்கு ஒவ்வொரு இலையும் தெரிகிறது. ரோட்டர்டாமில் வாங்குபவருக்கு நிலத்தின் எல்லை தெரியப்போகிறது. வெட்டியவருக்கு மட்டும் இன்னும் கூட்டுத்தொகை. மண்டோரின் கைப்பேசியில் மாலையில் மேலே போகும் அதே பதிவை வெட்டியவரின் கைப்பேசிக்கும் அனுப்பத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. பதிவு ஏற்கெனவே இருக்கிறது, வழியும் இருக்கிறது.

பிறகு எது தடுக்கிறது? கூலி ஒப்பந்தமா, சட்டமா, நூறாண்டுப் பெரட்டுக் களத்தின் பழக்கமா? அடுத்த வாரம், செக்ரோலைத் தங்களுக்கும் காட்ட வேண்டும் என்று தோட்டத் தொழிற்சங்கங்கள் கேட்ட கதையோடு தொடர்வோம்.